சவ வீட்டில் கேட்கக் கூடாத கேள்வி

தாடைக்கு அடியில் இடப்பக்கம் எனக்கொரு மரு.
மிளகளவு. பிறந்ததிலிருந்து இருக்கிறது.
குத்தாயிசி நகரத்தில் அதைக் கீறாத கத்தி இல்லை.

ரயிலடிக்கு எதிரே இருந்தவன்
கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு
மச்சானோடு கார் பேரம் பேசியபடி மழித்தான்.
விலை ஏறிய இடத்தில் ரத்தம் வந்தது.
வெள்ளைப் பாலத்தருகே புதுக் கடை,
கறுப்புச் சுவர், கபாலப் படம்,
உட்கார்ந்ததும் கையில் ஒரு பீர்.
பீர் நன்றாக இருந்தது.

பிறகு நாலு வருஷம் நானே மழித்துக்கொண்டேன்.
மருவைச் சுற்றித் தீவு போல மயிர் நிற்கும்.
நில அளவை அலுவலகத்தில் வேலை எனக்கு.
நீ அளக்க பயந்து விட்ட நிலம் அது ஒன்றுதான்
என்பாள் மனைவி.

அக்டோபரில் கலிஸ்த்ராத்தே இறந்தார்.
மூன்றாம் தெரு, தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பவர்,
அதிகம் பழக்கமில்லை.
வழக்கப்படி வாசலில் ஆண்களோடு நின்றேன்,
உள்ளே போய்ப் பெட்டியைச் சுற்றினேன்.
பாதிச் சுற்றில் கால் நின்றுவிட்டது.

அப்படி ஒரு சவரத்தை நான் பார்த்ததில்லை.
ஒட்டிய கன்னம், தொண்டையில் மடிப்பு மேல் மடிப்பு,
ஒரு மடிப்பிலும் ஒரு முள் இல்லை.
காதோரக் கோடு
ரசமட்டம் வைத்து இழுத்தது போல.
மீசை நுனியில் மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருந்தது,
சிரித்தால் தேவைப்படும் என்று.

பின்னால் வந்தவர்கள் முதுகில் இடித்தார்கள்.
ரொம்ப நெருக்கம் போலிருக்கிறது
என்றார் யாரோ, மெதுவாக.

அவர் மனைவி சியாலா என் கையைப் பற்றினார்.
ஆறுதல் வார்த்தை தயாராகத்தான் இருந்தது,
வாயைத் திறந்தால் வந்தது வேறு:
"யார் மழித்தது?"

அவர் பார்வை என் கண்ணிலிருந்து இறங்கி
மருவில் போய் நின்றது.
"செவெரியான். பச்சைச் சந்தைக்குப் பின்னால்,
ஊறுகாய்க்காரிகளைத் தாண்டி.
திங்கள் விடுமுறை."
அதற்குப் பிறகுதான் அழுதார்.

பெயர்ப் பலகை இல்லாத கடை. ஒரே நாற்காலி,
தோல் வார், படிகாரக் கட்டி,
கெட்டிலின் ஆவியில் துண்டு.
எல்லாம் சரி, ஆளுக்குத்தான் பத்து நாள் தாடி.
திரும்பிவிடலாமா என்று நினைத்தேன்.
பல் விழுந்த பல் வைத்தியனிடம்
யார் வாயைத் திறப்பார்கள்?

"ஒரு மரு இருக்கிறது" என்றேன்.
"தெரியும். வாசற்படி ஏறும்போதே
அதைக் காப்பாற்றிக்கொண்டு ஏறினீர்கள்."
நாற்பத்தேழு வயது வரை
நான் தலையைச் சாய்த்து நடப்பது எனக்குத் தெரியாது.

நுரை. சூடு. பிறகு கத்தியின் சத்தம்,
பட்டாணித் தோலை உரிப்பது போல.
மரு வந்தபோது அவர் மூச்சை நிறுத்தினார்,
நானும் நிறுத்தினேன்.
கடந்து போயிற்று.

"கலிஸ்த்ராத்தே உங்களுக்கு உறவா?"
"இல்லை. செவ்வாயும் வெள்ளியும் வருவார்,
இருபத்தாறு வருஷம்.
இந்தக் குழாய்கூட அவர் போட்டதுதான், ஒழுகும்."
தாடியைச் சொறிந்துகொண்டார்.
"சொந்தக்காரர்கள் நாற்பது நாள் மழிப்பதில்லை.
யாரும் என்னை வேண்டாமென்று சொல்லவில்லை."

கடைசிச் சவரத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.
துண்டை உதறிக்கொண்டே அவராகச் சொன்னார்:
"தண்ணீர் சூடு போதுமா என்று கேட்டுவிட்டேன்.
பழக்கம்."

கண்ணாடியில் மரு இருந்தது, தனியாக,
சுற்றிலும் வெட்ட வெளி.
வீடு வரை அதைத் தடவிக்கொண்டே போனேன்.

நாற்பது கழிந்த மறுநாள் மறுபடி போனேன்.
தாடியை எடுத்திருந்தார்.
முகவாயில் இரண்டு இடத்தில்
செய்தித்தாள் கிழிசல், நடுவில் சிவப்பு.
"என்ன ஆயிற்று?"

"நானே செய்தேன்" என்றார் செவெரியான்,
எனக்குப் போர்வையை முடிச்சுப் போட்டபடி.
"இந்த ஊரில் எங்கே கிடைக்கிறது
ஒரு நல்ல ஆள்?"