உப்புத் தண்ணி

எங்கள் பொன்னம்மாப்பேட்டை வீட்டில்
இரண்டு குழாய்கள்.
ஒன்றில் மேட்டூர்த் தண்ணி,
எட்டு நாளைக்கு ஒருமுறை இருமிக்கொண்டு வரும்.
மற்றது போர்த் தண்ணி. எப்போது திறந்தாலும் வரும்;
வாயில் வைத்தால் கரிக்கும்,
குண்டா அடியில் சுண்ணாம்பாய்ப் படியும்.
இந்த லட்சணத்தில்
பூம்புகாரிலிருந்து ஒரு லிட்டர் பாட்டில் நிறைய
கடல்தண்ணி மொண்டு வந்தார் என் வீட்டுக்காரர்.

"ஏனுங்க, உப்புத் தண்ணிக்கா நமக்குப் பஞ்சம்?"
விருத்தாசலத்தில் கேட்டேன்.
ஆத்தூர் தாண்டும்போது பதில் வந்தது:
"இது வேற."

செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுக்குத் திருகாணி வைப்பவர் அவர்.
பதினெட்டு வருஷமாய்க் குனிந்தே இருக்கும் கழுத்து
அந்தக் கரையில்தான் நிமிர்ந்து
அவ்வளவு தூரம் பார்த்தது.
பார்த்துவிட்டு உடனே குனிந்து
மகள் இளவேனில் காலில்
திருகாணி இறுகியிருக்கிறதா என்று
தொட்டும் பார்த்துக்கொண்டார். தொழில் புத்தி.

நான் கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றில்
காற்று மணலை வாரிப் போட்டிருந்தது.
நறநறவென்று தின்றோம்.
கடலைப்பருப்பா மணலா என்று
பிரித்துப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை.
"காவேரி இங்கதான் வந்து சேருதாம்.
நம்ம குழாய்க்கு வராத தண்ணியெல்லாம்
இங்க வந்து உக்காந்திருக்கு பாரு."
சொல்லிவிட்டுத்தான்
பாட்டிலை அமிழ்த்தினார்.

அது பூஜை அலமாரிக்குப் போனது.
முருகன் படம், கோட்டை மாரியம்மன் குங்கும டப்பி,
காலண்டரில் வெட்டி ஒட்டிய லட்சுமி,
பக்கத்தில் கடல்.
வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது
அதற்கும் ஒரு பூ வைத்தேன்.
விட்டுவிட மனசு வரவில்லை.
கற்பூரம் காட்டினால்
பாட்டிலுக்குள் சின்னதாய் ஓர் அலை எழுந்து
மூடிவரை போய்த் திரும்பும்.
அதைப் பார்க்கவே
இரண்டாம் தடவை தட்டைச் சுற்றுவேன்.
சாமிக்குத் தெரிந்திருக்கும்.

கிருத்திகை அன்று
எதிர்வீட்டு ராஜாமணியக்கா வந்தாள்.
நான் அடுப்படியில் கொள்ளு கடைந்துகொண்டிருந்தேன்.
படைக்கிற சோற்றில் உப்புப் பார்க்கக் கூடாது,
கைக்கணக்குத்தான்;
சரியாய் விழுந்ததா என்று
இலை போட்ட பிறகுதான் தெரியும்.
அந்தக் கவலையில் நான் இருந்தபோது
இளவேனில் தட்டைக் காட்டி, திருநீறு கொடுத்து,
பெரிய மனுஷி மாதிரி மூடியைத் திறந்து
அக்கா உள்ளங்கையில்
ஒரு ஸ்பூன் வார்த்துவிட்டாள்.

அக்கா கண்ணில் ஒற்றினாள், உறிஞ்சினாள்,
மிச்சத்தை உச்சந்தலையில் தடவினாள்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"எந்தக் கோயில் தீர்த்தம் கண்ணு இது?
ரொம்பச் சக்தி."

மத்து நழுவிச் சட்டிக்குள் விழுந்தது.
அடக்கி அடக்கிப் பார்த்தேன்.
புடவையெல்லாம் கொள்ளு,
கண்ணெல்லாம் தண்ணி.

உண்மையைச் சொன்னதும்
கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.
அவள் மறுபடி கையை நீட்டினாள்.
"இன்னொரு சொட்டு ஊத்து.
கடலை நான் டிவியிலதான் பார்த்திருக்கேன்."

அதற்குப் பிறகு எல்லா வெள்ளியும் வருகிறாள்.
குடிப்பதில்லை.
பாட்டிலைக் காதருகே வைத்து ஒருமுறை குலுக்குவாள்,
பூவைத் திருப்பி வைப்பாள்,
கொள்ளில் உப்பு ஒரு கல் கூட என்பாள்,
இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டு போவாள்.

நேற்று என் வீட்டுக்காரர்
நாலு சீட்டு போட்டு வந்துவிட்டார்.
விஷயம் கேட்டதும் அக்காவுக்குப் படபடப்பு.
எந்தப் புடவை, தலைக்கு எண்ணெய் வைக்கலாமா,
வெறும் வயிற்றில் போகணுமா,
கடலுக்கு என்ன படைக்கணும்?

"புளிச்சோறு போதும்க்கா," என்றேன்.
"மணல் அங்கேயே போட்டுக்கலாம்."