மீன்பெட்டி ஸ்கேனர்

வாடைக்காற்று தொடங்கிவிட்டால்
தாள் ஈரத்தைக் குடித்து ஊதிவிடும்.
மூன்றாவது பக்கத்தில் பிரிண்டருக்கு விக்கல்.
அதனால் ஒரு கட்டுத் தாளை எப்போதும்
நாற்பது வாட் பல்புக்கு அடியில் வைத்திருக்கிறேன்,
கோழிக்குஞ்சுகளைப் போல.

தங்கச்சிமடத்தில் என் கடைக்குப் பலகை கிடையாது.
நம்புச்செல்வி கடை என்றால் ஆட்டோ நிற்கும்.
ஆதார், படகு லைசென்ஸ், டீசல் மானியப் புத்தகம்,
இலங்கைச் சிறையில் இருப்பவனுக்காக
கலெக்டருக்கு எழுதிய மனு,
எல்லாம் இந்தக் கண்ணாடியில் முகம் கவிழ்ந்து படுத்து
எழுந்து போயிருக்கின்றன.

ஒருநாள் கண்ணாடியில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.
யார் விரலில் வந்ததோ, நான் பார்க்கவில்லை.
அன்று முழுக்க ஊருக்கே வலது ஓரத்தில் ஒரு நிலா.
பிறப்புச் சான்றிதழிலும் இறப்புச் சான்றிதழிலும்
அதே நிலா.
தாசில்தார் ஆபீசில் முத்திரை என்று நினைத்து
வாங்கிக்கொண்டார்களாம்.

எழுத்தைப் படிக்கும் மென்பொருளும் உண்டு.
'கடல் தொழில்' என்று காட்டினால்
'கடன் தொழில்' என்று படிக்கும்.
திருத்தப் போனேன்.
"விடும்மா, சரியாத்தான் படிச்சிருக்கு" என்றார்
வரிசையில் நின்ற ஒருவர்.

நனைந்த தாள்களுக்காகத்தான் அந்தப் பெட்டியைச் செய்தேன்.
கண்ணாடியில் அமுக்கினால் அவை ஒட்டிக் கிழியும்.
ஐஸ் போடும் தெர்மாகோல் பெட்டி
(எத்தனை கழுவியும் நெத்திலி வாசம் போகவில்லை),
மூடியில் துளை, துளைமேல் போன்,
உள்ளே இடமும் வலமும் ஒவ்வொரு எல்இடி.
இரண்டும் எரிந்தால் தாள் வெறும் தாள்.
ஒன்றை அணைத்து மற்றதைத் தாழ்த்தினால்
தாள் நிலமாகிவிடும்:
மேடு, பள்ளம், பேனா உழுத சால்.

பொனிப்பாஸ் கொண்டுவந்தது கணக்கு நோட்டு.
வள்ளம் கவிழ்ந்து இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது.
ஜெல் பேனா மை முழுவதையும் கடல் நக்கியிருந்தது.
"பதினேழாம் பக்கம் மட்டும் போதும்."
அவர் பின்னாலேயே சந்தியாகு வந்து கதவோரம் நின்றான்.
கணக்கு கடலோடு போச்சு என்று
மூன்று நாளாகக் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தவன்.

வலது விளக்கைப் போட்டேன். வெள்ளை.
தாழ்த்தினேன். வெள்ளை.
இன்னும் தாழ்த்தி, படமெடுத்து,
கறுப்பை ஒரு பக்கமும் வெளுப்பை ஒரு பக்கமும்
தள்ளித் தள்ளிப் பிரித்தேன்.
ஒவ்வொரு எழுத்தாய்க் கரையேறியது:
சந்தியாகு. முன்பணம். நாற்பத்தெட்டாயிரம்.

பொனிப்பாஸ் மூச்சு விட்டார்.
சந்தியாகு தன் செருப்பைப் பார்த்தான்.

'கறைகளை நீக்கவா?' என்று கேட்டது திரை.
எப்போதும் ஆம் என்பவள்தான் நான்.
ஆனால் அந்தக் கறைகளின் நிழல்
தப்பான பக்கம் விழுந்திருந்தது.
பள்ளத்துக்கு வலப்புறம் நிழல்; இவற்றுக்கு இடப்புறம்.
அப்படியென்றால் இவை பள்ளமில்லை, புடைப்பு.
தாளின் முதுகில் யாரோ அழுத்தி எழுதியது.

படத்தை இடவலமாகப் புரட்டினேன்.
வரவு ஐயாயிரம்.
வரவு ஆறாயிரத்து ஐந்நூறு.
வரவு பன்னிரண்டாயிரம், சந்தியாகப்பர் திருவிழாவுக்கு முன்.
அதே கை. 'ரு'வின் வாலை
தூண்டில் மாதிரி வளைக்கும் பொனிப்பாசின் கை.

யாரும் ஒன்றும் பேசவில்லை.
மின்விசிறி மட்டும்.

பல்படி வெதுவெதுப்பிலிருந்து ஒரு தாளை உருவி
முன்னும் பின்னும் அச்சடித்தேன்.
"ஒரு பக்கம்தானே கேட்டேன்?"
"ஒரே தாள்தானே அண்ணே. பத்து ரூபாய்."
அவர் எண்ணிக் கொடுத்தார், நிதானமாக,
நாணயங்களாக.

அவர் பைக் திரும்பியதும் சந்தியாகு உள்ளே வந்தான்.
"எனக்கும் ஒண்ணு."
சட்டைப்பையைத் தடவினான். சில்லறை இல்லை.

என் நோட்டில் எழுதிவைத்தேன்:
சந்தியாகு, பத்து ரூபாய்.
பால்பாயிண்ட் பேனா.
கொஞ்சம் அழுத்தித்தான்.