நிலம் அசைந்தால்

வவுனியாவில் பழைய சாமான் கடையில்
பேரம் பேசி வாங்கியது. யப்பான் ஹீற்றர்.
முதுகில் ஒரு பந்தி எழுத்து,
குச்சிகளால் குட்டிக் குட்டிக் கொட்டில் கட்டினமாதிரி.
எண்ணெய் ஊத்து, திரியை உயர்த்து, பத்தவை
என்றான் கடைக்காரன்.
அணைந்தால் என்ன செய்வதென்று
நான் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை.

மார்கழி. முத்தையன்கட்டுக் குளம் வான் பாய்கிறது.
நூற்றைம்பது குஞ்சுகள், ஐந்து நாள் வயது,
முழுக்க இன்னும் கடன்காரருடையவை.
கரண்ட் போனால் குளிருக்கு
ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.
அடியில் கிடந்தது காலையில்
மடித்த கைலேஞ்சி போலிருக்கும்.

முதல் இரவு ஒன்றேகாலுக்கு அணைந்தது.
திரிதான் என்று நினைத்தேன்.
கருகிய விளிம்பைச் சவர அலகால் சீவினேன்.
நீலச் சுவாலை வளையமாய் எழுந்தது.
இரண்டே முக்காலுக்கு அணைந்தது.
ஒன்பது குஞ்சு.

எண்ணெய்தான் என்று நினைத்தேன்.
சங்கக்கடைப் பரல் மழைக்குள் நின்றது.
போத்தலில் ஊற்றி அடையவிட்டுப் பார்த்தால்
அடியில் ஒரு விரற்கடை தண்ணீர்,
மண்ணெண்ணெய் விலைக்கு வாங்கிய தண்ணீர்.
மேலால் வடித்துச் சீலைத் துண்டில் அரித்து ஊற்றினேன்.
ஒன்றரை. இரண்டு பத்து. நாலு.

வாடைக்காற்று என்று நினைத்தேன்.
உரப்பையால் இடுக்கெல்லாம் அடைத்தேன்.
நெருப்பு மஞ்சளாகிப் புகைத்தது,
குஞ்சுகள் வாய் திறந்து மூச்சு வாங்கின.
பயந்து ஒரு மூலையைப் பிரித்துவிட்டேன்.

வோட்டர்பம்ப் திருத்துகிற பெனடிற் வந்தான்.
தகட்டைக் கழற்றி, ரோச் அடித்துக் குனிந்து,
"உள்ளுக்கை ஒரு குண்டு தொங்குதக்கா" என்றான்.

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் கேட்டது.
அவன் முதலில் சிரித்தான்.

"அங்க பூமி அதிருற நாடெல்லோ.
நிலம் ஆடினால் இந்தக் குண்டு ஆடும்,
ஆடினால் திரி தானாக இறங்கும்.
இஞ்ச என்ன ஆடுது? பழுதாய்த்தான் இருக்கும்.
கம்பியால் கட்டிவிடட்டே?
பிறகு என்ன நடந்தாலும் அணையாது."

என்ன நடந்தாலும் அணையாத நெருப்பு.
கீழே உமி, மேலே தரப்பாள்.
வேண்டாம் என்றேன்.

அன்றிரவு குஞ்சுகளோடு குந்தியிருந்தேன்.
பக்கத்தில் ஒரு சட்டி தண்ணீர்.
ஒன்று இருபதுக்குச்
சட்டிக்குள் வட்டம் வட்டமாய்ச் சுருங்கியது நீர்.
அதற்குப் பிறகுதான் சத்தம்:
ரிப்பர், லைற் போடாமல், பின்னால் இன்னொன்று,
ஆற்றை அள்ளி ஏற்றிக்கொண்டு.
டிக் என்றது ஹீற்றர்.

சேதாரக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன்.
குஞ்சுக் கணக்கென்று எழுதி வைத்தது
அவர்களின் நேர அட்டவணை.
யாரிடம் காட்டுவது?
போன மாதம் முறைப்பாடு எழுதிய நகுலேந்திரத்தின் படலையைப்
பின்பக்கமாய் வந்த ரிப்பர் ஒன்று
இடித்துவிட்டுப் போனது. தற்செயலாம்.

வெடித்த ரயர் ஒன்று
மதகடியில் எறிந்து கிடந்தது, அவர்களுடையதுதான்.
உருட்டி வந்தேன், நானும் பெனடிற்றும்.
ரயர்மேல் பலகை, பலகைமேல் ஹீற்றர்,
மட்டம் பார்க்க அந்தச் சட்டித் தண்ணீர்.
வடக்குப் பக்கம் சரிந்தது.
ஓட்டுத்துண்டு ஒன்றை அண்டைகொடுத்தேன்.

ஒன்று பதினைந்து.
தண்ணீர் நடுங்கியது.
நெருப்பு ஒருதரம் தலையைக் குனிந்து
நிமிர்ந்தது.
இரண்டாவது ரிப்பர். மூன்றாவது.
நூற்றிருபத்தாறு குஞ்சும்
வளையமாய்ப் படுத்து உறங்குகின்றன.

நாலு நாளாயிற்று. அணையவில்லை.
ஆனாலும் ஒன்று பத்துக்கு
எனக்கு முழிப்பு வந்துவிடுகிறது,
ரிப்பருக்கு முன்னால்,
சட்டித் தண்ணீருக்கும் முன்னால்.