அவள் நிலத்தில் என் கூரை

ஊர்ப் பெயரிலேயே மாரி இருக்கிறது,
மாரிட்ஸ்பர்க்.
போன நவம்பரில் கல்லாகப் பெய்தது,
ஏழே நிமிடம்.
நைட் டியூட்டி முடிந்து வந்து நிறுத்திய காரின் முதுகெல்லாம் குழி.
மாரி வந்து போனால் தழும்பு இருக்கத்தானே செய்யும்.
இன்சூரன்ஸ்காரன் போனில் கேட்டான்,
கூரைக்குக் கீழேதானே நின்றது, மேடம்?

என் சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவே
ஒரு கார் அகலம்கூட இல்லை.
பக்கத்தில் இருக்கிறது மூன்று மீட்டர்,
புல்லும் ஒரு துணிக்கொடியுமாக.
அது சலாட்சியுடையது.

சலாட்சி என் ஓரகத்தி.
அண்ணன் தம்பி ஒரே நாளில் கையெழுத்துப் போட்டு
அடுத்தடுத்து வாங்கிய மனைகள்.
இப்போது இருவரும் இல்லை,
வேலி இருக்கிறது.
ஓர் அகத்துப் பெண்கள் என்று
பிரித்துப் பார்த்தால் சொல் இனிப்பாகத்தான் இருக்கிறது.
நாங்கள் பேசி மூன்று புரட்டாசி ஆயிற்று.
காரணம் ஓர் அண்டா.
கோயில் சமையலுக்கு அவளிடம் வாங்கிப்போனேன்,
அடிப்பிடித்துவிட்டது.
தேய்த்துக் கொண்டுபோனேன், வாங்கவில்லை.
இன்னும் என் சமையலறையில்தான் கிடக்கிறது,
உள்ளே வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன்.

கவுன்சில் படிவத்தில்
நிலத்துக்காரர் உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம்.
கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சொன்னேன்,
என் கணவருடைய அண்ணன் மனைவி.
கட்டம் சின்னது.
அண்டை வீட்டார் என்று எழுதினாள்.
அதில் பொய் ஒன்றும் இல்லை.

கதவைத் தட்ட மனம் வரவில்லை.
படிவத்தை அவள் தபால் பெட்டியில் போட்டேன்,
பில் போடுகிறவனைப் போல.
ஒன்பதாம் நாள் என் பெட்டியில் கிடந்தது.
கையெழுத்து. கீழே பென்சிலில்,
தண்ணீர் என் பக்கம் வழியக் கூடாது.

நிலம் முழுக்க அவள் பக்கம்தானே?
பிறகு புரிந்தது.
கூரை என் வீட்டைப் பார்த்துச் சரிய வேண்டும்.
அன்று சாயங்காலமே துணிக்கொடியின் கம்பம் பிடுங்கப்பட்டிருந்தது.
குழியை மண்போட்டு மிதித்திருந்தாள்,
அவள் செருப்புத் தடம் அப்படியே இருந்தது.

வெல்டிங்குக்கு வந்த ம்தோகோசிசி
இது யார் நிலம் என்றான்.
ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்த இன்னொருத்தி, என்றேன்.
சிரித்தான்.
அவர்கள் பேச்சிலும் அதற்கொரு சொல் உண்டாம்,
சொன்னான், மறந்துவிட்டேன்.
காலைக் கான்கிரீட்டில் புதைக்கவா, போல்ட் போடவா?
போல்ட், என்றேன்.
கழற்ற முடிகிற மாதிரி.
அவன் சலாட்சியின் ஜன்னலை ஒருமுறை பார்த்தான்,
பதினாறு போல்ட் எண்ணி எடுத்தான்.

கூரை நின்றது.
மழைத்தண்ணீர் சொன்னபடி கேட்டது.
என் சுவரில் பாசி பிடித்தது.

ஜனவரியில் நான்கு நாள் விடாமல் தூறல்.
ஐந்தாம் நாள் காலை ஆறரைக்கு
இரண்டு பிரசவம், ஒரு சாவு பார்த்துவிட்டு வந்து திருப்புகிறேன்,
கூரைக்குக் கீழே என் இடம் இல்லை.
நான்கு கால்களுக்கும் குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு.
மூன்று போர்வை, தலையணை உறைகள்,
ஒரு பழைய சட்டை, ஆணுடையது.

ஹாரன் மேல் கை வைத்தேன்.
அடிக்கவில்லை.
அவள் நிலம், அவள் ஈரத்துணி.
கூரை மட்டும்தான் என்னுடையது,
அதைக் கீழே இறக்கிக்கொண்டு போகவா முடியும்?
வைப்பர் போய்வந்துகொண்டிருந்தது.

கதவு திறந்தது.
நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு வந்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
முதல் கயிற்றை மட்டும் அவிழ்த்தாள்,
ஒரு போர்வையையும் இரண்டு உறைகளையும் தோளில் போட்டாள்,
கையால் காற்றைத் தள்ளினாள், வா வா என்பதுபோல்,
பிறகு, போதும்.

காரில் பாதி உள்ளே,
பாதி மழையில்.
நான் எஞ்சினை அணைத்தேன்.
அவள் பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள்.
சூடு.
தோளிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்து உதறி
அதன்மேல் விரித்தாள்,
சுருக்கம் இல்லாமல்,
குழிகளின் மேல்.