நூற்றுக்கு ஏழு

காரைக்குடி செக்காலை ரோட்டில்
நகைக்கடன் கடையில் கணக்கெழுதுகிறேன்.
நூற்றுக்கு ஒன்றே முக்கால் என்றால்
எந்த நூறும் தப்பாது,
மாசம் பிறந்தால் குட்டி போட்டுவிடும்.

இருதயமேரி சிஸ்டர் சொன்ன கணக்கு வேறு.
மாத்திரை சாப்பிடும் நூறு பேரில்
வருஷத்துக்கு ஏழு பேர் உண்டாகிறார்களாம்.
"நாள் தவறாம சாப்பிட்டா
ஒருத்திகூடத் தேறாது.
தவறாதவ யாரு?"
சிரித்தார்.

பள்ளத்தூருக்குப் படைப்புக்குப் போன இரண்டு நாளும்
அட்டை ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது.

இன்று முப்பத்தாறாம் நாள்.
ஏழு சதவீதக் கர்ப்பம் என்று
வயிற்றில் ஒன்று இருக்க முடியாது.
இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை.
போன வருஷத்து ஏழு பேரும்
தொண்ணூற்று மூன்றில்தான்
தங்களை எழுதிவைத்திருப்பார்கள்.

"தொண்ணூத்து மூணு நம்ம பக்கம்டி" என்கிறான் சேவுகன்.
அவன் அடகு வைத்தது எதுவுமில்லை.

இல்லையென்று வந்தால்
திங்கட்கிழமையே காப்பர்-டி.
அதற்கு என் ஞாபகம் தேவையில்லை,
நூற்றுக்கு ஒன்றுகூட முழுசாய் வராது,
ஆனாலும் சைபர் இல்லை, கேட்டுவிட்டேன்.

குக்கர் மூன்றாவது விசில்.
குளியலறையில் நான்,
சோப்புப் பெட்டி மேல் கிட்.
ஒரு கோடு வந்துவிட்டது.
அது எல்லோருக்கும் வருமாம்.
இன்னும் நாலு நிமிஷம்.