கோயம்பேட்டு மாடும் நானும்

விடியற்காலை நாலரை.
பழ மண்டிக்குப் பின்னால்
மழைத்தண்ணீரும் லாரி டீசலும் குழைந்த சேற்றில்
வாழைத்தார்த் தண்டுகள் கிடக்கின்றன,
சீப்புகளை எல்லாம் கொடுத்துவிட்டு
முதுகெலும்பு மட்டுமாய்.

துடைப்பத்தை நிறுத்திவிட்டு ஏகவல்லியக்கா கேட்டாள்:
"எத்தினி மாடு வச்சிருக்கே?"
ஒன்று, என்றேன்.
எவர்சில்வர் வயிறு. தரமணியில் கட்டியிருக்கிறோம்.
காஸ்டிக் சோடா குடிக்கும்.
அவள் சிரிக்கவில்லை.
"கறக்குதா?"
மூணு வருஷமா சினைதான் அக்கா.

அதற்குள் நிஜ மாடு ஒன்று வந்து
நான் ஒதுக்கிவைத்த தண்டை இழுக்கிறது.
கொம்பில் போன பொங்கலின் நீலம்.
இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றேதான்:
சர்க்கரைத் துணுக்குகள் கைகோத்துக் கைகோத்து
நீண்டுபோன சங்கிலி.
அது அறுத்துத் தின்னும்.
நான் அறுபடாமல் எடுக்க வேண்டும்.
அதற்கு நாலு அறை வயிறு,
வேலை இருபத்துநாலு மணி நேரமும்.
எனக்கு ஒரு புகைபோக்கி மேசை,
செவ்வாய், வியாழன் மட்டும்.
பாதியை விட்டுக்கொடுத்தேன்.

இருபது கிலோ, ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில்.
வடபழனி சிக்னலில் சாறு வழிந்து
சுடிதாரில் பட்டது.
வாழைக்கறை துணியைவிட்டுப் போகாதாம்.
நாங்கள் வாழையிலிருந்து
துணியையே எடுக்கப் பார்க்கிறோம்.

நறுக்கி, காயவைத்து, வேகவைத்தால்
டிகாஷன் மாதிரி ஒரு கறுப்பு இறங்கும்.
ரிஸ்வானா ஜன்னலைத் திறப்பாள், பேசாமல்.
பிறகு அலசு.
வெளுக்கப் போடு. அலசு. அலசு.
இருபது கிலோ வாசலில் நுழைந்தது,
தராசில் மிஞ்சியது அறுநூறு கிராம்.
ஆறிய தயிர்சாதம் போல, வாசனையே இல்லாமல்,
எந்தத் தோட்டத்தையும் ஞாபகம் வைக்காமல்.

இந்த வெண்மைக்கு எத்தனை குடம் தண்ணீர்
என்று அறிக்கையில் ஒரு கட்டம் இருக்கிறது.
நிரப்பவில்லை.
கறுப்புத் தண்ணீர் மேசைக்கடியில்
நீலக் கேன்களில் நிற்கிறது.
போன மாதம் நாலு. இப்போது ஐந்து.
சாக்கடையில் ஊற்றினால்
பள்ளிக்கரணை நாரைக்குத் தெரியும்.

நேற்று மாலை
ஊசித்துளை வழியாக அமிலத்தொட்டிக்குள் இறங்கியது
நூல்.
பலமுறை அறுந்த பிறகு, அறாமல் ஒன்று.
மூச்சுவிடப் பயந்து சுற்றி எடுத்தோம்.
ஒரு முழம் இருக்கும் என்றாள் ரிஸ்வானா.

கோயம்பேட்டில் முழம் என்றால் விளையாட்டில்லை.
ஏகவல்லியக்கா அதைத் தன் முழங்கையில் வைத்து
விரல்நுனிவரை நீட்டிப் பார்த்தாள்.
"நாலு விரக்கடை கொறையுதே."
குறையுதுக்கா.
ஒரு சுண்டு சுண்டினாள். அறவில்லை.
இன்னொன்று சுண்டினாள்.
அறுந்தது.

துண்டுகள் இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டுக்
கோணிக்கு அடியிலிருந்து
மாடு நக்காத தண்டுகள் மூன்றை
உருவி எடுத்தாள்.