முப்பத்தேழாவது மரம்

ராச்சா மலையில் ஆகஸ்ட் கடைசி.
இன்னும் பத்து நாள் விட்டால்
ஃபிர் கூம்புகள் கிளையிலேயே குலைந்து
செதில் செதிலாய்க் காற்றோடு போய்விடும்.

மற்ற லாரிகளுக்கு அழகு வேண்டும்:
நேர்த்தண்டு, அடுக்குக் கிளை,
கோபன்ஹேகனில் யாரோ வீட்டுக் கூடத்தில்
டிசம்பர் முழுக்க நிற்கத் தகுந்த வாரிசு.
என் வண்டிக்கு ஐம்பது தாய் வேண்டும்.
கூனல், மின்னல் கீறியது,
எல்லாம் துளிர்த்தபின் சோம்பலாய்த் துளிர்ப்பது,
எதுவானாலும் சரி.
நூறு மீட்டர் இடைவெளி மட்டும் கட்டாயம்.
ஒட்டி நிற்பவை
பெரும்பாலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

"கூனலுக்கும் அதே கூலியா?"
அதே கூலி.
"பைத்தியம்" என்றான் அவ்தாந்தில்,
பூட்ஸில் கொக்கியை மாட்டிக்கொண்டே.
அடுத்த வறட்சி
எந்த மரத்தின் பேரைக் கேட்டுக்கொண்டு வருமோ
எனக்குத் தெரியாது அவ்தாந்தில்.
தெரியாததற்குத்தான் இத்தனை சாக்கு.

பதினோராம் நாள்.
நாடா போய் நின்ற இடத்தில்
சரிவின் விளிம்பில்
இரட்டைத் தலையோடு ஒரு மரம்.
அவன் உட்கார்ந்துவிட்டான்.
சிகரெட் பற்றவில்லை, மூன்று தீக்குச்சி.
டிரைவர்தான் காதோடு சொன்னான்:
ஒன்பது வருஷம் முன்பு, இவன் அண்ணன் ஜெமால்,
அதோ, அந்தக் கிளை.
அடிமரத்தில் மூன்று கோடரி வாய்.
நாலாவது இல்லை.
பிசின் வந்து மூடியிருந்தது.

நான் நாடாவைச் சுருட்டி
வேறொரு மரத்துக்கு இழுத்தேன். அறுபது மீட்டர்.
நூறு என்று எழுதிவிடலாம்,
யார் வந்து அளக்கப் போகிறார்கள்.
அவன் நாடாவைப் பார்த்தான்.
"அது இதோட தங்கச்சி" என்றான்,
"உன் கணக்குப்படி."

அன்றுதான் முதன்முறையாக
இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டான்.
நெடுநேரம் மேலே சத்தமே இல்லை.
பிறகு ஒரு கூம்பு விழுந்தது,
பிறகு பல.

படிவத்தில் எழுதினேன்:
எண் முப்பத்தேழு. உயரம் முப்பத்தொரு மீட்டர்.
வடிவம், இரட்டைத் தலை.
குறிப்பு என்ற கட்டத்தில்
பழைய வெட்டு மூன்று, ஆறியது.
அதற்கு மேல் அந்தக் கட்டத்தில் இடமில்லை.

இரவு சூரியகாந்தி எண்ணெயில்
பிசின் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தவன்
தலை நிமிராமல் கேட்டான்:
முளைத்தால்
அதில் எத்தனைக்கு ரெண்டு தலை என்று
எனக்கு எழுதுவாயா?

விதைகள் இப்போது குளிரறையில்,
மைனஸ் பதினெட்டில்.
அவன் முகவரி
சாக்கிலிருந்து கிழித்த அட்டையில்
என் மேசை மேல்,
இன்னும் கொஞ்சம் ஒட்டுகிறது.